முதல் கட்டுக்கு முன்

"இன்னுங் கொஞ்சம் இருக்கா?" என்று தங்கையன் கேட்டான். சட்டியை வழித்துப் போட்டாகிவிட்டது என்றாள் வேம்பு. அது பொய். ஒரு கைப்பிடிப் பழையது அடுப்புக்குப் பின்னால் சின்னக் கலயத்தில் இருந்தது. மத்தியானத்துக்குத் தனக்கென்று எடுத்து வைத்தது. அவன் வட்டிலில் மிஞ்சியிருந்த நீராகாரத்தைச் சாய்த்துக் குடித்தான். சுட்ட கருவாட்டின் வால் துண்டை நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டே கை கழுவினான். கூரையிலிருந்து தை மாதத்துப் பனி சொட்டிக்கொண்டிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றேன் புள்ள" என்று சொல்லிவிட்டுப் பூவரச மரத்தடிக்குப் போனான். அங்கே ஐந்து பேருக்குப் பாய் விரித்திருந்தார்கள். அன்று காலையிலிருந்து உண்ணாவிரதம்.

கல்யாணமான பதினோரு வருஷத்தில் வேம்பு கையால் அவன் சாப்பிட்ட கடைசிச் சோறு அதுதான்.

கிளாவெளி நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, கோரையாற்றங்கரையில் இருக்கிற ஊர். வாய்க்காலுக்குத் தெற்கே பண்ணை வீடும் நாலு தெருக்களும். வாய்க்காலுக்கு வடக்கே அறுபது கூரை வீடுகள். அறுபது வீடும் நின்ற மண் பண்ணையுடையது. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சட்டம் நீடாமங்கலம் வரை ரயிலில் வந்துவிட்டது, அங்கிருந்து நடந்து வருகிறது, அதனால்தான் நேரமாகிறது என்று ஆண்கள் கேலி பேசிக்கொண்டார்கள். சாராயக் கடை மட்டும் திறக்கச் சொன்ன வாரத்திலேயே வந்து சேர்ந்துவிட்டது.

அந்தத் தையில் அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடுதலாக வேண்டும் என்று கூலியாட்களின் சங்கம் கேட்டது. பண்ணை முடியாது என்றது. அதற்குள் அறுப்பு முடிந்திருந்தது. அறுத்த தாள் அரி அரியாக வயலில் கிடந்தது. அதைக் கட்டாகக் கட்டி, தலையில் தூக்கிக் களத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. கட்டுத் தூக்க மாட்டோம் என்று சங்கம் அங்கே நிறுத்தியது. பண்ணை வெளியூர் ஆட்களை வரவழைத்துப் பார்த்தது. அவர்கள் வரப்பு நெடுக நட்டிருந்த சங்கக் கொடிகளைப் பார்த்துவிட்டு லாரியை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார்கள். அதற்கும் பண்ணை அசையவில்லை. அப்போதுதான் சங்கச் செயலாளர் செல்லதுரை, ஐந்து பேர் உட்கார்ந்து பட்டினி கிடப்பது என்று சொன்னான். செல்லதுரை அதே தெருக்காரன். தஞ்சாவூர் வரை போய் மேடையில் பேசிப் பழகியவன். ஐந்து பேரில் அவன் முதல் ஆள். இரண்டாவதாகக் கையைத் தூக்கியவன் தங்கையன்.

வேம்பு ஐந்தாவது வரை படித்தவள். சங்கத்து நோட்டில் எழுதுகிற வேலை அவளுடையது. அவன் பெயரை அவள்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பசி ஆகாது. அறுபது வீட்டிலும் பசி பழகாதவர்கள் யாருமில்லை, ஆனால் அவன் உடம்பில் அது வேறு மாதிரி இறங்கும். நேரத்துக்கு வயிற்றில் ஏதும் விழவில்லை என்றால் முதலில் மேலுதட்டில் வேர்க்கும். பிறகு விரல் நுனி நடுங்கும். பிறகு கோபம் வரும், காரணமே இல்லாமல். கதவு ஏன் திறந்திருக்கிறது என்று தொடங்கி அவள் பிறந்த வீடு வரை போகும். கடைசியில் முழங்கால். முழங்காலுக்கு வந்துவிட்டால் நிற்க முடியாது, உட்கார்ந்துவிடுவான். பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைப்பார்கள். அவனும் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவான். குடிகாரன் என்ற பெயர் அவனுக்குப் பெரிதில்லை. கை நடுங்குகிறவன் என்ற பெயர் வந்தால் கட்டுத் தூக்குகிற வரிசையில் சேர்க்க மாட்டார்கள்.

கல்யாணமான முதல் வருஷமே வேம்பு இதைக் கண்டுகொண்டாள். மருந்தையும் அவளே கண்டுபிடித்தாள். விடியுமுன் வயிறு முட்டப் பழையது. வெயில் ஏறும்போது ஒரு செம்பு கஞ்சி. துண்டு முனையில் முடிந்த அச்சுவெல்லம். மத்தியானச் சோறு தாமதமாகக் கூடாது. தாமதமானால் அவள் வயலுக்கே சுமந்துகொண்டு ஓடுவாள். இப்படி வேளை தப்பாமல் போட்டால் தங்கையன் இரண்டு ஆள் கட்டை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவான். வரிசையில் முதலாவதாகப் போகிற காத்தான், "பொண்டாட்டி ஊட்டிவிட்டுத்தான் அனுப்புது போலருக்கு, வாயத் தொடைடா மாப்ள" என்று ஊர் கேட்கக் கேலி செய்வான். தங்கையன் சிரித்துக்கொண்டே துடைப்பது போலப் பாவனை செய்வான்.

உண்ணாவிரதத்தின் முதல் நாள் சாயங்காலம் அவள் மரத்தடிக்குப் போனபோது அவன் துண்டைக் கைகள்மேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துண்டு அசைந்துகொண்டிருந்தது. மேலுதட்டைப் பார்த்தாள். "வா, போதும்" என்றாள் மெதுவாக. "சத்தம் போடாத" என்றான் அவன். அவள் சத்தமே போடவில்லை.

இரண்டாம் நாள் ஐந்து பேருக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோவது வேம்புவின் முறை. ஒரு செம்பில் மட்டும் வெல்லத்தைக் கரைத்து, துணியில் வடிகட்டி, மேலே கொஞ்சம் துளசியைக் கிள்ளிப் போட்டு அவனிடம் நீட்டினாள். அவன் ஒரு மடக்கு வாயில் ஊற்றினான். அவள் முகத்தைப் பார்த்தான். அப்படியே துப்பினான்.

"என்ன புள்ள இது?"

"தண்ணிதான். குடி."

"என்னத் திருடனாக்கப் பாக்குறியா?"

"யாரு பாத்தா இப்ப?"

"நான் பாத்தேன்ல?"

செம்பைக் கவிழ்த்து மரத்தடியில் ஊற்றிவிட்டான். கொஞ்ச நேரத்தில் எறும்பு வரிசை கட்டி வந்தது. செல்லதுரை அதைப் பார்த்துவிட்டு, "இந்தச் சனங்க நம்ம சங்கத்துல இல்ல போலருக்கே" என்றான். பாயில் கிடந்த மற்றவர்கள் சிரித்தார்கள். தங்கையனும் சிரித்தான். வேம்புக்கு மட்டும் செம்பைத் தூக்கி யார் தலையிலாவது போட வேண்டும் போல இருந்தது. அந்த வெல்லம் மீரா சாகிப் கடையில் கடன் சொல்லி வாங்கியது. அதற்காக அவள் விடிகாலையில் இரண்டு மைல் நடந்திருந்தாள்.

மூன்றாம் நாள் அவன் படுத்தே கிடந்தான். கன்னம் உள்ளே போய், பல் பெரிதாகத் தெரிந்தது. சாயங்காலம் அவளைக் கண்டதும் கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டினான்.

"பாத்தியா? நின்னு போச்சு."

உண்மைதான். விரல்கள் அசையவில்லை.

"பட்டினி போட்டே அதக் கொன்னுட்டேன் புள்ள. இத்தன வருஷமா நீதான் அதுக்குச் சோறு போட்டு வளத்திருக்க."

அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. "படுத்துக் கெடக்குறவனுக்குக் கை எதுக்கு நடுங்குது? எந்திரிச்சு ஒரு கொடம் தண்ணி தூக்கிப் பாரு, தெரியும்" என்றாள். அவன் முகம் சுண்டிவிட்டது. திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று வீடு வரும்வரை நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும், சொன்னது சரிதானே என்று கோபம் வந்தது.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு ஜீப் வந்தது. தாசில்தாரும் பண்ணையின் காரியக்காரர் ரெங்கசாமியும் இறங்கினார்கள். கேட்டதில் பாதிக்குப் பண்ணை ஒத்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் விசில் பறந்தது, யாரோ பறையைத் தட்டினார்கள். தாசில்தார் தன் கையாலேயே ஐந்து பேருக்கும் எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தார். அரைத் தம்ளர். தங்கையன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். தென்கிழக்கே கோடியக்கரைப் பக்கமிருந்து மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் வயலில் கிடக்கிற நெல் அத்தனையும் முளைத்துவிடும். கட்டு அத்தனையும் பொழுது சாய்வதற்குள் களத்துக்கு வந்தாக வேண்டும் என்பது பண்ணையின் நிபந்தனை. அதில் தப்பில்லை, கூலி நெல்லும் அதற்குள்தான் கிடந்தது. செல்லதுரை ஒத்துக்கொண்டான்.

காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "தூக்குறதுக்கு ஆளு எங்க செல்லதுரை? இவனுவோ காத்தடிச்சாப் பறந்துருவானுவோ போலருக்கே. பேசாம படுத்துக்கச் சொல்லு, நான் மன்னார்குடிலேந்து ஆளு கொண்டாந்துக்கறேன்."

தங்கையன் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "மொத அஞ்சு கட்டும் நாங்க அஞ்சு பேருந்தாங்க தூக்குவோம். நின்னு பாத்துட்டுப் போங்க" என்றான். விசில் இன்னும் பெரிதாகப் பறந்தது.

கிளாவெளியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கட்டு களத்தில் இறங்குகிற வரை, கட்டுத் தூக்குகிறவன் வாயில் ஒரு பருக்கை படக் கூடாது. பட்டால் களம் பொலியாது என்பார்கள். மற்ற வருஷங்களில் இது ஒரு தொந்தரவாக இருந்ததில்லை. களத்தை ஒட்டிய வயலில்தான் முதல் கட்டுக் கட்டுவார்கள். வெயில் வருவதற்குள் அது இறங்கிவிடும். அதிலும் வேம்பு விடியுமுன்பே அவனுக்குப் போட்டுவிடுவாள். விடியுமுன் தின்றது நேற்றுத் தின்றதுதான் என்பது அவளுடைய சட்டம். இந்த முறை மணி ஒன்பது. கிடந்த அரி முழுவதும் வாய்க்காலுக்கு வடக்கே. களம் தெற்கே, அரை மைல் தூரத்தில்.

சமாதானம் ஆகப்போகிறது என்று முந்தின நாளே காதில் விழுந்திருந்ததால் அவள் கோழி கூப்பிடும்போதே எழுந்து பச்சரிசிக் குருணையில் கஞ்சி காய்ச்சியிருந்தாள். பால் போலக் குழைந்த கஞ்சி. மூன்று நாள் காய்ந்த குடலுக்கு அதுதான் இறங்கும். மண்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தம்ளரோடு வயலுக்கு ஓடினாள். ஐந்து கட்டையும் வைக்கோல் பிரியால் இறுக்கித் தயாராக வைத்திருந்தார்கள். தங்கையன் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கோலிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வாய் குடிச்சிட்டுத் தூக்குய்யா."

பதில் சொன்னவன் காத்தான். அவனும் அந்த ஐந்து பேரில் ஒருவன். "மொதக் கட்டு எறங்கட்டும் வேம்பு. கஞ்சி எங்கயும் ஓடிப்போயிடாது."

"மூணு நாளா ஒன்னும் திங்காத ஒடம்புண்ணே."

"மூணு நாளு தாங்குன ஒடம்பு அர மணி நேரம் தாங்காதா? நானும்தான் திங்கல. எனக்கு என்ன ஆச்சு?"

"நீங்க வேற, அவரு வேற."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? இவருக்குக் கை நடுங்கும், முழங்கால் மடங்கும் என்று பதினோரு வருஷம் மூடி வைத்ததை வரப்பில் நின்று கூவுவதா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காரியக்காரர் குடையை விரித்துக்கொண்டு நின்றார். தங்கையனின் மேலுதட்டைப் பார்த்தாள். முத்து முத்தாக வேர்த்திருந்தது. காலை ஒன்பது மணி, பனி இன்னும் புல்லில் இருந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளே நரம்பு பட்டுப் பட்டென்று துடித்தது.

"விடு புள்ள. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"விடுங்கறேன்ல. வச்சிட்டு வந்து குடிக்கிறேன்."

குரலில் அந்தக் கோபம் வந்துவிட்டது. விரல், கோபம், அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டாள். கையை உதறிவிட்டது போல விட்டாள். "எப்புடியோ போ" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். கட்டைத் தூக்கிவிடுகிறவர்கள் "ஏலேய்" என்று குரல் கொடுத்தது கேட்டது. ஐந்து பேரின் காலடி தாளில் சரசரத்துக்கொண்டு போனது கேட்டது. அவள் திரும்பவில்லை.

வாய்க்காலின் குறுக்கே ஒரு பனையைப் பிளக்காமல் அப்படியே போட்டிருந்தார்கள். அதுதான் பாலம். காத்தான் தாண்டிவிட்டான். அடுத்தது தங்கையன்.

'பொத்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. களத்தில் கட்டைப் போட்டால் கேட்கிற அதே சத்தம். வைத்துவிட்டான் என்று வேம்பு நினைத்தாள். அத்தனை தூரத்துக் களம் இவ்வளவு சீக்கிரம் எப்படி வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தம்ளரை எடுத்து முந்தானையில் துடைத்து, கஞ்சியை ஊற்றத் தொடங்கினாள். முக்கால் தம்ளர் நிறைந்தபோதுதான் ஆட்கள் கத்துவது காதில் விழுந்தது.

வாய்க்காலில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். தலையில் இருந்த கட்டு கழுத்தின்மேல் விழுந்திருந்தது. மாட்டு வண்டியில் போட்டு நீடாமங்கலம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. வேம்பு அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு பெட்டிகள் போவதைப் பார்த்தாள். கேட் திறந்தபோது அவசரம் எதுவும் இல்லாமல் போயிருந்தது.

ஊரில் மீதிக் கட்டுகள் அத்தனையும் பொழுது சாய்வதற்குள் களம் சேர்ந்துவிட்டன. அன்று மழை வரவில்லை. அந்த வாரம் முழுவதுமே வரவில்லை.

அவன் செத்த ஐந்தாம் நாள் செல்லதுரை ஒரு காகிதம் கொண்டுவந்தான். பண்ணை ஆட்கள் முந்தின இரவே பாலத்துப் பனையை அசைத்து வைத்திருந்தார்கள், அதனால் பனை உருண்டு தங்கையன் விழுந்தான் என்று அதில் இருந்தது. கீழே வேம்பு கையெழுத்துப் போட வேண்டும்.

"காத்தான் அண்ணன் மொதல்ல போனாங்களே. அவங்களுக்கு உருளலையா?" என்றாள்.

"அசைஞ்சுதுன்னு அவரும் சொல்றாரு."

"இன்னிக்குச் சொல்றாரு."

செல்லதுரை காகிதத்தைத் தரையில் வைத்தான். அவன் கண்ணும் உள்ளே போய்த்தான் கிடந்தது. பிறகு தணிந்த குரலில், "வேம்பு, உண்ணாவிரதம் இருந்ததால செத்தான்னு வெளிய போச்சுன்னா, நாளைக்கு எந்த ஊர்லயும் ஒருத்தன் உக்கார மாட்டான். நம்மகிட்ட வேற என்ன இருக்கு?" என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அந்தப் பனை அசைந்தது என்று அவன் நம்பத் தொடங்கியிருந்தான். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. பொய்யனாக இருந்தால் நன்றாகத் திட்டியிருக்கலாம். கையெழுத்து மட்டும் அவள் போடவில்லை.

மறுநாள் காரியக்காரரிடமிருந்து இன்னொரு காகிதம் வந்தது. அவரே வந்தார், வாசலில் நின்றபடி நீட்டினார். மேற்படி தங்கையன் மது அருந்திய நிலையில் தவறி விழுந்து என்று தொடங்கியது. "கை நடுங்குனதப் பண்ணையில எத்தன பேரு பாத்திருக்கான் தெரியுமா? பொய் ஒன்னும் எழுதல. கையெழுத்தப் போட்டுடு, மனைப் பட்டாவுக்கு நானே நின்னு முடிச்சுத் தர்றேன். இல்லாட்டி சட்டம் சட்டம்னு நீ அலைஞ்சுக்கிட்டுக் கெட" என்றார். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "பரவால்லங்க, அலையறேன்" என்றாள். கைநாட்டு மட்டும் வைக்கத் தெரிந்த பெண்ணாக இருந்திருந்தால் இவ்வளவு சிரமம் இல்லை என்று அவர் தெரு முனை வரை சொல்லிக்கொண்டே போனார்.

அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. தாசில்தார் கொடுத்த அந்த அரைத் தம்ளரில் இருந்தது என்ன? சர்க்கரை போட்டதா, உப்புப் போட்டதா? யாரைக் கேட்டாலும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "நாக்கு செத்துக் கெடந்துச்சு. புளிச்சது, அவ்வளவுதான் தெரியும்" என்றான் காத்தான். செல்லதுரை, "அதுவா இப்ப முக்கியம்?" என்றான். கடைசியில் மீரா சாகிப் கடைக்கு நடந்தாள். அவர் மூட்டை தைத்துக்கொண்டிருந்த கோணி ஊசியைக் கீழே வைத்தார்.

"எலுமிச்சம்பழம் இங்கேந்துதாம்மா போச்சு. சர்க்கர அந்த வாரம் கடையிலயே கெடையாது. உப்பு ஒரு பொட்டலம் கேட்டாங்க, கொடுத்தேன்."

"வெல்லம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதுக்கு ரெண்டு நாளு முன்னாடி உனக்குக் கொடுத்தேனே, அதே வெல்லந்தான். யாரும் கேக்கல." அவர் கொஞ்சம் யோசித்தார். "நாங்க நோன்பு தொறந்தா மொதல்ல பேரீச்சம்பழத்தத்தான் வாயில போடுவோம். அப்பறம் கஞ்சி. அதுக்கு அப்பறந்தான் எந்த வேலையும். மூட்ட தூக்குற எம் மவன் இப்ராஹிமும் அப்புடித்தான். தெரிஞ்சிருந்தா நானே ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருப்பேன்மா."

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள் வேம்பு. "தெரிஞ்சிக்கிட்டுத்தான் நின்னேன்."

அன்று சங்கத்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவளே எழுதினாள். மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து, நாலாம் நாள் காலை உப்புப் போட்ட சாறு மட்டும் குடித்து, கஞ்சி பக்கத்தில் இருந்தும் குடிக்காமல் கட்டுத் தூக்கியதால், கை கால் நடுங்கி என் புருஷன் விழுந்து இறந்தார். இவ்வளவுதான். எழுதி முடித்ததும் மூச்சு விட முடிந்தது. தாலுகா ஆபீசுக்கு மூன்று நாள் நடந்து, மூன்றாம் நாள் தாசில்தாரைப் பார்த்தாள். நல்ல மனிதர்; உட்காரச் சொன்னார். தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பட்டினியால செத்தார்னு எழுத முடியாதும்மா. மேலேந்து ஆயிரம் கேள்வி வரும்."

"பட்டினி இல்லீங்க. கஞ்சி இருந்துச்சு. பானையோட நான் பக்கத்துல நின்னேன்."

"அப்ப அவரு ஏன் குடிக்கல?"

மொதக் கட்டு இறங்கவில்லை என்று சொல்லலாம். காரியக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். நான் மணிக்கட்டை விட்டுவிட்டேன் என்று சொல்லலாம். அவள் எதையும் சொல்லவில்லை; அவர் முன்னால் இருந்த படிவத்தில் ஒரு விரல்கடை இடம்தான் இருந்தது. அதில் குமாஸ்தா 'தவறி விழுந்து' என்று எழுதினார். எந்தப் பக்கத்துக்கும் வம்பில்லாத வார்த்தை. எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. செல்லதுரையின் காகிதம் அதன்பின் பேசப்படவில்லை. காரியக்காரரின் காகிதமும் அப்படியே அடங்கியது.

அடுத்த தை வந்தது. சங்கம் வாய்க்கால் கரையில் கல் நட்டது. கூலிப் போரில் உயிர் நீத்த தோழர் என்று எழுதி, மேலே கொடி செதுக்கியிருந்தார்கள். அறுப்பு முடிந்து அரி வயலில் கிடந்தது. கட்டுத் தூக்குகிற அன்று காலை இருபத்திரண்டு பேர் சும்மாட்டோடு வரிசையில் நின்றார்கள். செல்லதுரை பேசினான். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அதில் வேஷம் இல்லை. தோழர் நினைவாக நேற்றுக் காலையிலிருந்து நாம் யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை, இனி வருஷா வருஷம் இந்த நாளில் இப்படித்தான், முதல் கட்டைக் களத்தில் இறக்கிவிட்டுத்தான் வாய் நனைப்போம் என்றான். கூட்டம் கை தட்டியது. பிறகு மாலை போட வேம்புவைக் கூப்பிட்டான். அவள் மாலை போட்ட பிறகுதான் கட்டைத் தொடுவது என்று ஏற்பாடு.

வேம்பு ஒரு கையில் மாலையும் இடுப்பில் பானையுமாக வந்தாள். கல்லின் அருகே போய் நின்றாள். பிறகு மாலையைப் புல்லின்மேல் வைத்துவிட்டு, கல்லுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தாள். தம்ளரில் கஞ்சியை ஊற்றிக் குடிக்கத் தொடங்கினாள்.

"மாலையப் போடு வேம்பு. நேரமாவுது" என்றான் செல்லதுரை.

"பசிக்குதுண்ணே. குடிச்சிட்டுப் போடுறேன்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். பெண்கள் பக்கமிருந்து அவளுடைய நாத்தனார் ரெங்கம்மாள், "ஏண்டி, இதென்னடி கூத்து, எந்திரிடி" என்றாள். வேம்பு அவசரப்படவில்லை. முதல் தம்ளர் முடிந்ததும் இரண்டாவதை ஊற்றினாள். தாகத்துக்குக் குடிப்பது போல இல்லாமல், ஒவ்வொரு வாயாக, வாயில் வைத்து மென்று விழுங்கினாள். செல்லதுரை ஒரு அடி முன்னால் வந்தான், நின்றான், பின்னால் போனான். மாலை போடாமல் தொடங்க முடியாது. அவள் பக்கத்தில் கிடக்கிற மாலையை வேறு யாரும் எடுத்துப் போடவும் முடியாது.

மூன்றாவது தம்ளரை ஊற்றி எழுந்து வரிசைக்கு வந்தாள். முதலில் நின்றது காத்தான். போன வருஷம் அவள் புருஷனுக்கு முன்னால் வாய்க்காலைத் தாண்டிப் போனவன். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்க முடியாமல் தலையில் கட்டோடு நின்றவன். இந்த ஒரு வருஷத்தில் அவன் தாடி முழுக்க வெளுத்திருந்தது. தம்ளரை அவனுக்கு நேராக நீட்டினாள்.

"குடிங்கண்ணே."

"இல்ல வேம்பு, மொதக் கட்டு…"

"குடிங்க. குடிச்சாத்தான் மாலை."

அவன் செல்லதுரையைப் பார்த்தான். செல்லதுரை கல்லைப் பார்த்தான். பின்னால் நின்ற இருபத்தொரு பேரும் காத்தானின் முதுகைப் பார்த்தார்கள். காத்தானின் கை சும்மாட்டிலிருந்து இறங்கி, பாதி வழியில் வந்து, எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. வேம்பு தம்ளரை இழுத்துக்கொள்ளவில்லை. கஞ்சியின்மேல் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது. வாய்க்காலுக்கு வடக்கே, அறுத்துப் போட்ட அரி போட்ட இடத்திலேயே கிடந்தது.